பழ ஈக்கு மாத்திரை கொடுத்தால்?

தோல் கறுத்துக் கனிந்த வாழைப்பழம் ஒன்றை மூடாமல் சமையலறை மூலையில் வைத்துவிடுங்கள். மறுநாள் பார்த்தால், எள்ளளவே உள்ள சில ஈக்கள் அதைச் சுற்றி வட்டமிட்டுக் கொண்டிருக்கும். உருப்பெருக்கும் கண்ணாடியால் பாருங்கள்: செங்கல் நிறக் கண்கள், மஞ்சள் கலந்த பழுப்பு உடல், சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம். பாலக்கோட்டில் விலை போகாமல் கொட்டப்பட்ட தக்காளிக் குவியலைக் கடந்து நடந்திருந்தால் இவற்றை நீங்கள் ஏற்கெனவே சந்தித்திருப்பீர்கள்.

இதன் விஞ்ஞானப் பெயர் டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். தமிழில் பழ ஈ என்கிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மா விவசாயிகள் 'பழ ஈ' என்று சொல்லிப் பயப்படுவது இதையன்று. அது வேறு குடும்பத்தைச் சேர்ந்த பெரிய ஈ. நல்ல மாங்காயைத் துளைத்து முட்டையிடும். தோப்புகளில் மெத்தில் யூஜினால் பொறி தொங்க விடுவது அதைப் பிடிப்பதற்காகத்தான். நம்முடைய சின்ன ஈ நல்ல பழத்தைத் தொடுவதில்லை. புளித்து நுரைக்கும் பழத்திலுள்ள ஈஸ்டைத் தின்று பிழைக்கிறது. யாருக்கும் பெரிய தொந்தரவு கிடையாது.

இந்த ஈக்குத்தான் ஆராய்ச்சிக் கூடங்களில் மனச்சோர்வு நீக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். எந்த அளவில் அது தடுமாறுகிறது, எந்த அளவில் இறக்கிறது, அதன் புழு எத்தனை நாள் தாமதமாக வளர்கிறது என்றெல்லாம் கணக்கெடுக்கிறார்கள். "மனநோய் மாத்திரையெல்லாம் விஷமாம், ஈகூடச் செத்துப் போகிறதாம்" என்று நாளைக்கு உங்கள் தெருவில் யாராவது சொல்லக்கூடும். அதைக் கேட்டு, அப்படி ஒரு மாத்திரையை டாக்டர் சொற்படி சாப்பிட்டு வருகிற ஒருவர், உங்கள் சித்தியோ மாமாவோகூட, பாதியில் நிறுத்திவிடலாம். ஆகவே 'ஈ செத்தது' என்ற அந்தச் சேதிக்கு என்ன பொருள் என்று ஆராய்ந்து பார்ப்பது வீண் வேலையல்ல.

இயற்பியல் வாத்தியாருக்கு ஈயிடம் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் எக்ஸ் கதிர் இரண்டு முறை வரப் போகிறது.

ஈக்கும் நமக்கும் ஒரே பூட்டு

முதலில் மருந்தைப் பற்றிச் சிறிது. மனச்சோர்வு என்பது பரீட்சையில் மார்க் குறைந்ததால் இரண்டு நாள் முகம் வாடியிருப்பதன்று. வாரக்கணக்கில் எதிலும் நாட்டமின்மை, தூக்கக் கேடு, பசியின்மை, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் ஆகியவை விடாமல் பிடித்துக்கொள்ளும் நோய் அது. மருந்தும் பேச்சு வழி சிகிச்சையும் உள்ள நோய்.

மருந்து பிறந்த கதையில் நம் நாட்டுச் செடி ஒன்றுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தா என்னும் அச்செடியின் வேரை நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது, மனக் கொந்தளிப்பையும் அடக்குகிறது என்று 1931-இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் எழுதினர். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை இரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பலனைப் பிரிட்டிஷ் மருத்துவ ஏடு ஒன்றில் வெளியிட்டார். பிறகு உலகம் முழுவதும் அந்த வேரைத் தேடியது. 1952-இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்ப்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள்.

ஆனால் ரெசர்ப்பின் சாப்பிட்டவர்களில் சிலர் ஆழ்ந்த சோகத்தில் விழுந்ததாக டாக்டர்கள் கண்டார்கள். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, மூளை நரம்புகளில் சேமிப்பாக இருக்கும் செரோடோனின், நோரட்ரினலின் முதலிய பொருள்களை அது காலி செய்வது தெரிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. காச நோய்க்காகக் கொடுத்த இப்ரோனியாசிட் என்ற மருந்து சில நோயாளிகளை உற்சாகப்படுத்தியது. அது அதே பொருள்கள் சிதையாமல் தடுக்கும் மருந்து! இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு ஒரு வழி புலப்பட்டது. 'செரோடோனின் குறைந்தால் மனச்சோர்வு' என்ற எளிய சூத்திரத்தை இன்று யாரும் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. விஷயம் அதைவிடச் சிக்கலானது. எனினும் அந்த வழியில் போய்த்தான் மருந்துகள் கிடைத்தன. 1957-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன் இமிப்ரமின் என்ற மருந்தின் பலனை வெளியிட்டார். 1987-இல் ஃபுளுஆக்சிடின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இவை எப்படி வேலை செய்கின்றன? ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்ல விரும்பும்போது, இடையிலுள்ள நுண்ணிய சந்தில் செரோடோனின் மூலக்கூறுகளைச் சிந்துகிறது. செய்தி போய்ச் சேர்ந்தபின் சிந்தியதை அள்ளி உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று செல்லின் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. ஏற்றிச் செல்லும் புரதம் என்று அதைச் சொல்லலாம். ஃபுளுஆக்சிடின் இந்தப் புரதத்தில், பூட்டில் முறிந்து மாட்டிக்கொண்ட சாவியைப் போல, சிக்கிக்கொள்கிறது. பூட்டு திரும்புவதில்லை. செரோடோனின் சந்திலேயே கூடுதல் நேரம் தங்குகிறது.

இனி ஈக்கு வருவோம். ஈயின் மூளையிலும் செரோடோனின் உண்டு. அதை அள்ளும் புரதமும் உண்டு. 1994-இல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் ஈயின் அந்தப் புரதத்துக்கான ஜீனைக் கண்டெடுத்தன. அதன் அமினோ அமில வரிசையில் ஏறத்தாழப் பாதி, பாலூட்டிகளின் புரதத்தோடு அப்படியே ஒத்திருந்தது. பூச்சிகளும் முதுகெலும்புள்ள விலங்குகளும் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. அதன் பிறகும் அந்தப் பூட்டு பெரிதாக மாறவில்லை!

பூட்டைக் கண்ணால் பார்க்க முடியுமா? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 4000 முதல் 7000 ஆங்ஸ்ட்ராம் வரை. அணுக்களுக்கு இடையிலுள்ள தூரமோ ஒன்றிரண்டு ஆங்ஸ்ட்ராம்தான். எனவே எவ்வளவு நல்ல மைக்ராஸ்கோப்பானாலும் ஒளியால் பயனில்லை. எக்ஸ் கதிர் வேண்டும். புரதத்தைப் படிகமாக்கி, அதன்மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, சிதறும் கதிர்கள் உண்டாக்கும் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிட வேண்டும். பிராக் விதியைப் பாடத்தில் படித்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மனிதனின் புரதம் படிகமாக மறுத்தது. ஈயின் புரதம், கொஞ்சம் மாற்றங்கள் செய்தபின், சம்மதித்தது. 2013-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் எரிக் கோவோவின் ஆய்வுக்கூடத்தில் அரவிந்த் பென்மட்சா, கெவின் வாங் ஆகியோர் பழ ஈயின் டோபமின் ஏற்றும் புரதத்தின் அமைப்பை வெளியிட்டார்கள். அதன் நடுக்குழியில் நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தின் மூலக்கூறு ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது, வாய் திறந்தபடி மூட முடியாமல்! மனிதனின் செரோடோனின் புரதத்தின் அமைப்பு வெளிவந்தது அதற்குப் பிறகுதான், 2016-இல். அரவிந்த் பென்மட்சா பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆய்வுக்கூடம் அமைத்து, ஈயின் அதே புரதத்தைக் கொண்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். தருமபுரியில் பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடம்.

ஆகவே மனச்சோர்வு மருந்தை ஈக்குக் கொடுப்பது வேடிக்கைக்காக அன்று. மருந்து சென்று மாட்டும் பூட்டு ஈயிடமும் இருக்கிறது. ஆனால் எல்லாப் பூட்டும் இல்லை. நோரட்ரினலின் ஈயிடம் கிடையாது. அதற்குப் பதில் ஆக்டோபமின் என்ற வேறொரு பொருளைப் பயன்படுத்துகிறது. நம்முடைய இதயமும் ஈரலும் போன்றவையும் அதற்கு இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு என்று கேளுங்கள்

நம் மாவட்டத்தார்க்கு ஃபுளோரைடைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறையைப் பார்த்திருக்கிறோம். முதுகு வளைந்த பெரியவர்களையும் பார்த்திருக்கிறோம். ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்ததுதான் இங்கே தீங்காயிற்று. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது அதற்காகவே. அதே ஃபுளோரைடு சிறிய அளவில் பல்லைச் சொத்தையிலிருந்து காக்கிறது, பற்பசையில் சேர்க்கிறார்கள். 'ஃபுளோரைடு விஷமா?' என்ற கேள்விக்கு எனவே ஒரு சொல்லில் பதில் இல்லை. எவ்வளவு, எத்தனை நாள் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

ஈ விஷயத்திலும் அப்படியே. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பேப்பர், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

50 கிலோ எடையுள்ள ஒருவர் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் ஃபுளுஆக்சிடின் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ உடலுக்கு 0.4 மில்லிகிராம் ஆகிறது. பழ ஈயின் எடை சுமார் 1 மில்லிகிராம். அதே விகிதத்தில் அதற்கு 0.4 நானோகிராம் கொடுக்க வேண்டும். ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. எந்தத் தராசிலும் இதை நிறுத்து ஈயின் வாயில் வைக்க முடியாது. ஆகவே மருந்தை உணவில் கலக்கிறார்கள். ஈ ஒரு நாளில் ஏறத்தாழ 1 மைக்ரோலிட்டர் அல்லது சற்று அதிகமான உணவை உட்கொள்ளும். ஒரு மில்லிலிட்டர் உணவில் 1 மில்லிகிராம் மருந்து கலந்தால், ஒரு மைக்ரோலிட்டரில் எவ்வளவு இருக்கும்? 1 மைக்ரோகிராம், அதாவது 1000 நானோகிராம். நமக்கு வேண்டியிருந்தது 0.4. ஆயிரத்தை 0.4-ஆல் வகுத்துப் பாருங்கள்: 2500 மடங்கு!

ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்று கேட்கும்போது மிகக் குறைவாகத்தான் தோன்றுகிறது. எடை விகிதத்தில் அது மனிதருக்கு ஒரே நாளில் 2500 மாத்திரைக்குச் சமம். அந்த உணவைத் தின்ற ஈ இறந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இறக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

இந்தக் கணக்கையும் முழுதாக நம்பிவிடக் கூடாது என்பேன். எடையை மட்டும் வைத்து ஈயையும் மனிதனையும் ஒப்பிடுவது முரட்டுக் கணக்கு. ஃபுளுஆக்சிடின் நம் உடலிலிருந்து மெல்ல வெளியேறுகிறது. பாதியாகக் குறையவே சில நாள்கள் ஆகும். கதிரியக்கப் பாடத்தில் வரும் அரை ஆயுள் மருந்துக்கும் உண்டு. சிறிய உடலும் வேகமான வளர்சிதை மாற்றமும் உள்ள ஈயின் கணக்கு வேறு. எனவே நல்ல ஆராய்ச்சியாளர்கள் ஒரே அளவைக் கொடுத்துவிட்டு ஓய்வதில்லை. ஒன்று, மூன்று, பத்து, முப்பது, நூறு என்று படிப்படியாகப் பெருக்கி, ஒவ்வொரு படியிலும் என்ன ஆகிறது என்று பார்க்கிறார்கள்.

செத்தவை எத்தனை, எண்ணியவை எத்தனை

படிப்படியாக அளவைக் கூட்டி, இறந்த ஈக்களின் சதவிகிதத்தை வரைபடத்தில் குறித்தால் நேர்கோடு கிடைக்காது. தொடக்கத்தில் தட்டையாகவும், நடுவில் செங்குத்தாகவும், முடிவில் மீண்டும் தட்டையாகவும் ஒரு வளைகோடு கிடைக்கும். எல்லா ஈக்களும் ஒரே பலம் கொண்டவையல்ல என்பதே காரணம். கடைசி ஈ எந்த அளவில் சாகும் என்று தேடுவது பயனற்றது, ஏதாவது ஒரு பயில்வான் ஈ கணக்கைக் கெடுத்துவிடும். எனவே சரிபாதி ஈக்கள் இறக்கும் அளவை எடுத்துக்கொள்கிறார்கள். 1927-இல் டிரெவன் என்ற ஆங்கிலேயர் புகுத்திய வழக்கம் இது. கதிரியக்கத்தில் கடைசி அணு எப்போது சிதையும் என்று கேட்காமல் பாதி அணுக்கள் சிதையும் காலத்தைக் கேட்கிறோம் அல்லவா? அதே யுக்தி.

இங்கே இரண்டு இடத்தில் வழுக்கி விழலாம்.

மருந்தே கொடுக்காத ஈக்களிலும் சில இறக்கும். வயதாலோ, ஈரமான உணவில் ஒட்டிக்கொண்டோ இறக்கும். ஆகவே மருந்தில்லாத உணவு வைத்த குழாய் ஒன்று பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அதில் 100-க்கு 10 இறந்தன, மருந்துக் குழாயில் 100-க்கு 55 இறந்தன என்று கொள்வோம். மருந்தால் இறந்தவை 55 என்பது தவறு. 45 என்பதும் முழுக்கச் சரியில்லை. மருந்து கொல்வதற்கென்று எஞ்சியிருந்தவை 90, அவற்றில் 45. ஆகவே சரியான விடை 50 சதவிகிதம். 1925-இல் ஆபட் என்பவர் கொடுத்த திருத்தம் இது. இத்தனை எளிய கணக்கை நூறாண்டாகப் பூச்சியியலார் விடாமல் பயன்படுத்துகிறார்கள்.

அடுத்தது எண்ணிக்கை. 20 ஈக்களில் 10 இறந்தன என்றால் 'பாதி' என்று சொல்லிவிட ஆசை வரும். 20 நாணயங்களைச் சுண்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சரியாகப் பத்துத் தலை விழுவதில்லை. எட்டு விழும், பன்னிரண்டு விழும். இந்தத் தடுமாற்றம் சுமார் இரண்டேகால் என்று கணக்கு சொல்கிறது, அதாவது 20 ஈயில் 11 சதவிகிதம். 200 ஈக்களை எண்ணினால் தடுமாற்றம் 7 ஈ, சதவிகிதத்தில் மூன்றரைதான். ஈயைத் தேர்ந்தெடுத்ததன் லாபம் இங்கேதான் இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் முட்டை பத்து நாளில் ஈயாகிறது. ஒரு தாய் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறாள். ஒரு பால் புட்டி அளவுள்ள பாத்திரத்தில் ஆய்வுக்கு வேண்டிய ஈக்கள் கிடைத்துவிடும். 200 எலிகளை வளர்ப்பதையும் கொல்வதையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. மருந்துகள் பெரும்பாலும் கசக்கும். கசந்த உணவை ஈ தின்னாமல் பட்டினி கிடந்து செத்தால், பழியை மருந்தின் தலையில் போடலாமா? ஈக்கு நாக்கு ருசி தெரியுமா என்று சிரிக்காதீர்கள். கால்களிலேயே சுவை உணரும் மயிர்கள் உண்டு. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஒபைத் சித்திக்கியும் அவருடைய மாணவி வெரோனிகா ரோட்ரிகஸும் 1970-களில் இதை ஆராய்ந்தார்கள். சர்க்கரையைத் தேடி வருவதும் கொய்னாவைக் கண்டு விலகுவதும் ஈயின் இயல்பு. அந்த இயல்பு பிறழ்ந்த ஈக்களைத் தேடிப் பிடித்துச் சுவைக்கும் ஜீனுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். இன்று மருந்து கலந்த உணவில் கொஞ்சம் கேசரிப் பவுடர் மாதிரியான சாயத்தையும் சேர்த்துவிடுகிறார்கள். தின்ற ஈயின் வயிறு நிறம் மாறித் தெரியும். வயிறு வெளுத்துக் கிடக்கும் ஈயின் சாவு வேறு கணக்கு.

சாகாத ஈயும் சாட்சி சொல்லும்

ஒரு மருந்தின் தீங்கைச் சாவைக் கொண்டு மட்டும் அளந்தால் முக்கால் பங்கைத் தவற விடுவோம். உயிரோடிருக்கும் ஈயிடம் கேட்க வேண்டியவை அதிகம்.

ஜீனைக் கெடுக்கிறதா என்பது முதல் கேள்வி. 1927-இல் ஹெர்மன் முல்லர் பழ ஈக்கள் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அடுத்த தலைமுறைகளில் திடீர் மாற்றங்கள் பெருகுவதைக் காட்டினார். 1946-இல் நோபல் பரிசு பெற்றார். எடின்பரோவில் அவருடன் பணியாற்றிய எஸ். பி. ராய்சௌதுரி என்ற இந்தியர், கதிரை வேகமாகக் கொடுத்தாலும் மெல்லக் கொடுத்தாலும் மொத்த அளவு ஒன்றாயிருந்தால் மாற்றங்களும் ஒன்றாகவே இருப்பதைக் கண்டார். அதே எடின்பரோவில் இரண்டாம் உலகப் போரின்போது ஷார்லட் அவர்பாக், கடுகு வாயு என்ற போர் நஞ்சும் எக்ஸ் கதிரைப் போலவே ஈயின் ஜீன்களை மாற்றுவதைக் கண்டுபிடித்தார். வேதிப்பொருள்களை ஈயிடம் சோதிக்கும் வழக்கத்துக்கு அது ஒரு பெரிய தொடக்கம்.

1980-களில் இதற்கு அழகான முறை ஒன்று வந்தது. ஈயின் இறக்கையில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட செல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நுண்மயிர். சில குறிப்பிட்ட ஜீன்களை உடைய ஈயின் புழுவுக்கு மருந்து கொடுத்து வளர்த்தால், புழுப் பருவத்தில் ஏதாவது ஒரு செல்லின் ஜீன் கெட்டிருந்தால், வளர்ந்த ஈயின் இறக்கையில் அந்த இடத்தில் ஒன்றுக்குப் பதில் மூன்று நான்கு மயிர்கள் முளைத்திருக்கும். மைக்ராஸ்கோப்பின் கீழ் அந்தப் புள்ளிகளை எண்ணினால் போதும். 1990-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் இமிப்ரமின் குடும்பத்தைச் சேர்ந்த மூவளைய மருந்துகளை இம்முறையில் சோதித்தார்கள். ஒரே குடும்பமாயிருந்தும் அவை ஒரே பதிலைத் தரவில்லை. சில புள்ளிகளைக் கூட்டின, சில கூட்டவில்லை. மூலக்கூறின் நடு வளையத்தில் நைட்ரஜன் அணு இருப்பதும் இல்லாததும்தான் வேறுபாட்டுக்குக் காரணம் என்று சந்தேகித்தார்கள். புழு தின்ற அளவும் மனிதர் சாப்பிடும் அளவும் ஒன்றல்ல என்பதை மேலே பார்த்தோம். ஆகவே அந்த முடிவு மருந்து சாப்பிடுவோரைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. மூலக்கூறின் எந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டும் என்று வேதியியலாருக்குக் கைகாட்டுகிறது, அவ்வளவே.

லக்னோவிலுள்ள நச்சியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேறு விதமாகக் கேட்டார்கள். எந்த உயிரியின் செல்லும் துன்பப்படும்போது சில காப்புப் புரதங்களை உண்டாக்கும். அந்தப் புரதத்தின் ஜீனோடு பாக்டீரியாவின் ஜீன் ஒன்றை ஒட்டிய ஈக்களை அவர்கள் பயன்படுத்தினார்கள். நச்சுப் பொருளைத் தின்ற புழுவுக்குச் சாயமேற்றினால், துன்பப்படும் உறுப்பு நீலமாகத் தெரியும். குடலா, மூளையா, உமிழ்நீர்ச் சுரப்பியா என்று பார்த்துவிடலாம். புழு சாக வேண்டியதில்லை.

மருந்தின் நற்பலனையும் ஈயிடம் கேட்கலாமா? 2017-இல் ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தார் கேட்டார்கள். ஈக்களை மூன்று நாள் விட்டுவிட்டு அதிர வைத்தார்கள். அதிர்வெண் 300 ஹெர்ட்ஸ். அதை நிறுத்தவோ தப்பவோ ஈயால் முடியாது. பிறகு அகலமான பிளவு ஒன்றைத் தாண்டி ஏற விட்டால், அவை முயன்று பார்ப்பதையே குறைத்துக்கொண்டன. தசையில் கோளாறில்லை, மனம்தான் இல்லை என்று சொல்லத் தோன்றுகிறது. மூளையின் ஒரு பகுதியில் செரோடோனின் செய்தி குறைந்திருந்தது. மனநோய் மருத்துவத்தில் பயன்படும் லித்தியம் கொடுத்ததும் பழையபடி முயன்றன. இனிப்புக் கொடுத்தாலும் ஓரளவு தேறின! ஈக்கு மனச்சோர்வு உண்டா என்ற கேள்விக்குள் நான் போக விரும்பவில்லை. அது தத்துவ ஆசிரியருக்கு உரியது. முயற்சியைக் கைவிடுவது என்ற நடத்தையை எண்ண முடிகிறது, அது மருந்தால் மாறுகிறது என்பது வரை இயற்பியல்காரனுக்குச் சம்மதம்.

இப்போது தெருவில் கேட்ட அந்தச் சேதிக்குத் திரும்பலாம். 'ஈ செத்தது' என்று சொல்பவரிடம் எவ்வளவு மருந்து, எத்தனை ஈ, மருந்தில்லாத குழாயில் எத்தனை செத்தன, தின்றதா பட்டினியா என்று கேளுங்கள். இதற்கெல்லாம் நல்ல பதில் வந்தாலும், ஈயிடம் கண்டது அடுத்த சோதனைக்கு வழிகாட்டும் குறிப்பு மட்டுமே. எலி, பிறகு சம்மதித்த மனிதர்கள் என்று நீண்ட வரிசையைக் கடந்துதான் மருந்து கடைக்கு வருகிறது. சாப்பிட்டு வருபவர் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் தூக்கக் கேடும் வரலாம், நோயும் திரும்பலாம். இது மனிதரிடமே கண்டறிந்த உண்மை.

நீங்கள் செய்து பார்க்க

மாத்திரையைத் தொடாதீர்கள். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. மேலும் மாத்திரையில் மருந்தோடு மாவும் பிறவும் கலந்திருப்பதால் கணக்கும் சரிவராது. சமையல் உப்பே போதும். உப்பும் அளவு மிஞ்சினால் ஈக்கு நஞ்சுதான்.

மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் டிரோசோஃபிலா ஆய்வுக்கூடத்தில் பல காலமாக ரவையும் வெல்லமும் கலந்த உணவில் ஈ வளர்க்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், அகர் 10 கிராம். கொதிக்க வைத்துக் கிளறினால் கேசரி பதம் வரும். பூஞ்சணம் பிடிக்காமலிருக்க 7.5 மில்லிலிட்டர் புரோப்பியானிக் அமிலம் ஊற்றுவார்கள். கையில் பட்டால் புண்ணாக்கும் என்பதால் அதை ஆசிரியர்தான் ஊற்ற வேண்டும். உங்களுக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். ஆறியபின் மேலே சிட்டிகை ஈஸ்ட் தூவிக் குழாய்களின் வாயைப் பஞ்சால் அடையுங்கள். ஈயை மயக்க ஈதர் வேண்டாம். குழாயைச் சில நிமிடம் ஐஸில் வைத்தால் அடங்கிவிடும்.

உப்பில்லாத குழாய்கள் சிலவும், 1, 2, 4, 8 சதவிகிதம் உப்புள்ளவையும் தயாரித்து, ஒவ்வொன்றிலும் இருபது ஈக்களை விடுங்கள். குழாயில் எந்த உணவு என்பதை எண்ணுகிறவருக்குச் சொல்லாதீர்கள். இரகசியக் குறியிட்டு நண்பர் ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். தினமும் ஒரே நேரத்தில் இறந்தவற்றை எண்ணுங்கள். உயிருள்ளவற்றில் பத்தை நீண்ட கண்ணாடிக் குழாயில் மாற்றி, மெத்தை மேல் லேசாகத் தட்டிக் கீழே விழச் செய்து, 10 விநாடியில் 8 சென்டிமீட்டர் கோட்டைத் தாண்டி ஏறுபவை எத்தனை என்று பாருங்கள். தட்டினால் புவியீர்ப்புக்கு எதிராக மேலே ஏறுவது ஈயின் பழக்கம். சாவதற்கு முன்பே இந்த எண் இறங்கத் தொடங்குகிறதா என்பதை உங்கள் வரைபடம் சொல்லும்.

சித்திரை, வைகாசியில் தொடங்காதீர்கள். 30 டிகிரிக்கு மேல் ஆண் ஈக்கள் மலடாகிவிடும்; நம் ஊர் வெயிலில் புட்டி காலியாகிவிடும். கார்த்திகை, மார்கழிதான் ஏற்ற காலம். முடிந்தபின் குழாய்களைச் சோப்புத் தண்ணீரில் அமிழ்த்திவிட்டுக் கழுவுங்கள். இல்லாவிட்டால் பள்ளிச் சத்துணவுக் கூடத்து ஆயா உங்களைத் தேடி வருவார்.